பெரியவளே அனுசரித்துப் போக வேண்டுமா?

கேள்வி: வேலூர் கொசப்பேட்டையில் மாடி வீடு. கீழே நாங்கள், மேலே கொழுந்தனார் குடும்பம். ஒரே கரன்ட் மீட்டர், ஒரே மோட்டார், பில்லில் ஆளுக்குப் பாதி. கோடையில் மேலே ராத்திரி முழுக்க ஏ.சி., எங்களுக்கு ஃபேன்தான். ஓரகத்தியோ, 'அக்கா மோட்டாரைப் போட்டுட்டு மறந்துடுறாங்க, அதான் பில் ஏறுது' என்கிறாள். மூன்று மாதமாகப் பேச்சில்லை. எனக்குத் தூக்கமும் இல்லை. அத்தையிடம் சொன்னால், 'பெரியவ நீதாம்மா அனுசரிச்சுப் போகணும்' என்கிறார். சகித்துக்கொள்வதற்குப் பெயர்தான் சகவாழ்வா?

குடும்பத் தலைவி, வேலூர்

பதில்: இல்லை அம்மா. சகிப்பில் ஒருவர் விழுங்குவார். மற்றவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. 1954இல் இந்தியாவும் சீனாவும் ஏற்ற பஞ்சசீலத்தில் எல்லையை மதிப்பது, தாக்காமலிருப்பது, உள்விவகாரத்தில் தலையிடாதது, சமத்துவமும் பரஸ்பர நன்மையும் என்று நான்கைச் சொல்லிவிட்டுத்தான் ஐந்தாவதாகச் சமாதான சகவாழ்வு வருகிறது. (எல்லைக்கோடு எது என்பது மட்டும் தீரவேயில்லை, 1962இல் போரே வந்துவிட்டது.) உங்கள் வீட்டில் தீராத எல்லைக்கோடு அந்த மீட்டர்.

கணக்குப் போடுங்கள். 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட். தினம் அரை மணி ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 30தான். ஒன்றரை டன் ஏ.சி. எட்டு மணி நேரம் ஓடினால் ஓர் இரவுக்கே 8, 10 யூனிட் ஆகும். இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் இருப்பதால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டி, யூனிட் விலையும் எகிறுகிறது. 'நான் இவ்வளவு இழுக்கலையே' என்று இருவருமே நினைப்பது அதனால்தான். யாரும் பொய் சொல்லவில்லை.

மாடி லைனில் சப் மீட்டர் (மேலே இழுக்கும் யூனிட்டை மட்டும் தனியாகக் காட்டும் மீட்டர்) மாட்டுங்கள். மோட்டார் அந்த லைனில் சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சேர்ந்திருந்தால் கணக்கே தப்பும். ஈ.பி. ரீடிங் எடுக்கும் அதே நாளில் இருவரும் நின்று பார்த்து எழுதி, பில்லை யூனிட் விகிதத்தில் பிரியுங்கள். டேங்க் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

பில் வந்த அன்று பேச்சை எடுக்காதீர்கள். அத்தையையோ பிள்ளைகளையோ தூது விடவும் வேண்டாம், சொல் திரிந்து போய்ச் சேரும். 'நீ எப்பவுமே' என்று ஆரம்பித்தால் கல்யாணத்தில் நடந்ததுவரை வெளியே வரும். 'பில்லுல உனக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம். சப் மீட்டர் போட்டுக்கலாமா? செலவுல பாதி என்னுது' என்றால் போதும். ஏ.சி.யை எத்தனை மணி நேரம் போடுவது என்பதில் மட்டும் வாயே திறக்காதீர்கள். அது அவள் வீட்டு உள்விவகாரம்.

மீட்டர் மாட்டிய பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் விஷயம் கரன்டில் இல்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் செய்யுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.