வலதுசாரியான நீங்கள் அமெரிக்காவின் போர்களை ஏன் எதிர்க்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர் கொஞ்சம் கிண்டலாகவே கேட்டிருக்கிறார்: "வரியைக் குறை, அரசாங்கத்தைச் சுருக்கு என்று எழுதுகிறீர்கள். குடியரசுக் கட்சிக்கு வாக்களித்ததாகவும் சொல்கிறீர்கள். போர் என்றதும் மட்டும் இடதுசாரியாகிவிடுகிறீர்களே, நாட்டுப் பாதுகாப்பு உங்கள் கட்சியின் கொள்கை இல்லையா?"

கிண்டல் இருக்கட்டும். கேள்வி நியாயமானது.

நான் வட கரோலினா மாநிலத்தில் ஜாக்சன்வில் என்ற ஊரில் வருமான வரிப் படிவங்கள் நிரப்பித் தரும் தொழில் செய்கிறேன். ஊரை ஒட்டியே மரைன் படையின் கேம்ப் லெஜூன் முகாம் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் அந்த முகாமின் சிப்பாய்களும் அவர்களுடைய மனைவிமாரும்தான். போரைப் பற்றி எனக்குள்ள கருத்தில் கொஞ்சம் படிப்பிலிருந்து வந்தது, மிச்சம் படிவத்திலிருந்து வந்தது.

படிவம் என்றால் எது என்று சொல்கிறேன். போர்ப் பகுதியில் இருக்கும் சாதாரணச் சிப்பாயின் அந்த மாதச் சம்பளத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. அங்கேயே அவர் இறந்துவிட்டால் அந்த ஆண்டின் வரி முழுவதும் தள்ளுபடி. தள்ளுபடி தானாக நடந்துவிடாது. படிவத்தின் முதல் பக்க உச்சியில் போரின் பெயரையும், அதன் பக்கத்தில் 'கே.ஐ.ஏ.' என்ற மூன்று எழுத்துகளையும் தடித்து எழுத வேண்டும். சண்டையில் கொல்லப்பட்டார் என்று பொருள். கீழே 'மொத்த வரி' என்று எண் எழுத வேண்டிய இடத்திலும் அதையே எழுத வேண்டும். ஈராக் போருக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'ஈராக்கி ஃப்ரீடம்'. ஈராக்கிய விடுதலை.

2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதன்முறையாக அப்படி ஒரு படிவத்தை நிரப்பினேன். கணவர் முந்தைய நவம்பரில் ஈராக்கின் ஃபலூஜாவில் இறந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ. மடியில் குழந்தை. எல்லாக் கேள்விகளுக்கும் தெளிவாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், "நான் இதில் திருமணமானவள் என்று போடுவதா, விதவை என்று போடுவதா?" என்று கேட்டார். கணவர் இறந்த ஆண்டுக்கு இருவர் பெயரிலும் சேர்த்தே கணக்குத் தாக்கல் செய்யலாம், சட்டப்படி அந்த ஆண்டு நீங்கள் திருமணமானவர்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அன்று மாலை கடையைச் சீக்கிரமே பூட்டினேன்.

அந்தப் போரை நான் ஆதரித்தவன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2003 மார்ச்சில் படைகள் பாக்தாதை நோக்கிப் போனபோது திருநெல்வேலியில் இருக்கும் என் அத்தானிடம் தொலைபேசியில் ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறேன். சதாமிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது, குடியரசுத் தலைவரே சொல்கிறார் என்றேன். "உங்கள் ஊர் முனிசிபாலிட்டி சொன்னால் நம்ப மாட்டாய், இதை மட்டும் நம்புகிறாயே" என்றார் அத்தான். அவர் ஓய்வுபெற்ற தாசில்தார். அரசாங்கத்தின் உள்வயிற்றைப் பார்த்தவர். அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை என்பது உலகம் அறிந்த கதை.

அப்போது நாடாளுமன்றத்தில் எங்கள் தொகுதியின் பிரதிநிதி வால்டர் ஜோன்ஸ். குடியரசுக் கட்சிக்காரர், அப்பழுக்கில்லாத பழமைவாதி. 2002 அக்டோபரில் ஈராக் போருக்கு அனுமதி தந்த தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர். பிரதிநிதிகள் சபையில் அது 296க்கு 133 என்று நிறைவேறியது. பிரான்ஸ் போரை எதிர்த்தது என்பதற்காக, நாடாளுமன்ற உணவகத்தில் 'ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ்' என்ற பெயரை 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' என்று மாற்ற வைத்தவர்களில் அவரும் ஒருவர். எங்கள் பக்கத்து போஃபோர்ட் ஊர் உணவகம் ஒன்று தொடங்கிய வேடிக்கை அது, வாஷிங்டன்வரை கொண்டுபோனார். நானும் அதைப் படித்துச் சிரித்து மகிழ்ந்தவன்தான்.

போர் தொடங்கிய சில வாரங்களில் லெஜூன் முகாமில் நடந்த ஒரு சிப்பாயின் இறுதிச் சடங்குக்கு ஜோன்ஸ் போனார். அங்கிருந்து திரும்பியவர் பழைய ஜோன்ஸ் இல்லை. இறந்த ஒவ்வொரு சிப்பாயின் குடும்பத்துக்கும் கடிதம் எழுதிக் கையொப்பமிடத் தொடங்கினார். பெற்றோருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று 11,000க்கும் அதிகமான கடிதங்கள் போயின. தவறான வாக்குக்கு இது என் பிராயச்சித்தம் என்று வெளிப்படையாகவே சொன்னார். தன் அலுவலக வாசலில் லெஜூனிலிருந்து போய் மாண்டவர்களின் படங்களை வரிசையாக வைத்தார். 2005இல் படைகளைத் திருப்பி அழைக்கும் தீர்மானத்தில் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து கையொப்பமிட்டார்.

கட்சி அவரைச் சும்மா விடவில்லை. 2012இல் நிதிச் சேவைக் குழுவிலிருந்து நீக்கியது. கட்சிக்குள் நடக்கும் முதல்நிலைத் தேர்தலில் வெளிப்பணத்தோடு ஆள் நிறுத்தினார்கள். ஆனால் படைவீரர் குடும்பங்கள் இவ்வளவு நெருக்கமாக வாழும் இந்தத் தொகுதி, 2019 பிப்ரவரியில் அவர் இறக்கும்வரை அவரைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பியது. தொலைக்காட்சியில் சிப்பாய்களின் பெயரைச் சொல்லி வீரவசனம் பேசுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது கொள்கைக்கு வருகிறேன்.

என் தாத்தா கோவில்பட்டியில் ஒரு லாரிக்குப் பெர்மிட் வாங்க மூன்று ஆண்டுகள் அலைந்தவர். ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கியதும் நட்சத்திரச் சின்னத்துக்கு வாக்களித்தவர். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சி என்று ராஜாஜி திட்டியபோதெல்லாம் தனக்காகவே திட்டுகிறார் என்று தாத்தா நினைத்துக்கொள்வாராம். அதே ராஜாஜி 1962இல், 83 வயதில், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் சொல்ல வாஷிங்டன் வரை வந்தார். கம்யூனிசத்தை அவர் அளவுக்கு எதிர்த்தவர் இந்தியாவில் குறைவு. தாத்தாவுக்கு இந்த இரண்டும் முரணாகத் தெரிந்ததே இல்லை. லாரி ஓட்டவே இத்தனை தடுமாறும் அரசாங்கத்தின் கையில் அணுகுண்டா என்பதுதான் அவருடைய முழு வாதமும்.

என்னுடையதும் ஏறக்குறைய அதுதான். மருத்துவக் காப்பீட்டை அரசாங்கம் நடத்தினால் கெடுத்துவிடும் என்று நம்புகிற நாங்கள், அதே அரசாங்கம் மொழி தெரியாத ஒரு நாட்டைப் பிடித்து, அதற்கு அரசியல் சட்டம் எழுதி, போலீஸ் அமைத்து, தேர்தல் நடத்தித் திருத்திவிடும் என்று மட்டும் எப்படி நம்பினோம்? போரைவிடப் பெரிய அரசாங்கத் திட்டம் எது? வரி கூடும், கடன் கூடும், அதிகாரம் ஓரிடத்தில் குவியும், கேள்வி கேட்பவன் துரோகியாவான். பழமைவாதி அஞ்சவேண்டிய அத்தனையும் அந்த ஒரே பொட்டலத்தில் இருக்கிறது.

இது நான் கண்டுபிடித்த புதுமை அல்ல. 1950இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன், காங்கிரஸை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேட்காமல் கொரியாவுக்குப் படை அனுப்பினார். அப்போது குடியரசுக் கட்சியின் பழமைவாதத் தலைவர் செனட்டர் ராபர்ட் டாஃப்ட் சொன்னதன் சாரம்: இதற்குச் சட்ட அதிகாரம் இல்லை, முறைப்படி தீர்மானம் கொண்டுவந்தால் நான் ஆதரித்தே வாக்களிப்பேன். அந்த இரண்டாவது பாதியைக் கவனியுங்கள். போரை ஆதரித்துக்கொண்டே, அது தொடங்கிய முறையை எதிர்த்தார். ஐந்து நட்சத்திரத் தளபதியான ஐசன்ஹோவர் குடியரசுத் தலைவராகப் பதவிக்கு வந்த 1953இலேயே கொரியாவில் சண்டையை நிறுத்தினார். மறு ஆண்டு வியட்நாமின் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை சிக்கித் தவித்தபோது உள்ளே இறங்க மறுத்தார். 1961 ஜனவரியில் விடைபெறும் உரையில் ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்து நாட்டை ஆட்டுவிக்கும் என்று எச்சரித்தார். இடதுசாரி மாணவர் ஒருவர் அதைச் சொல்லியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜாக்சன்வில்லில் மரங்களுக்கு நடுவே ஒரு சுவர் இருக்கிறது. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவேன். 1983 அக்டோபர் 23 அன்று பெய்ரூட்டில் வெடிமருந்து ஏற்றிய லாரி ஒன்று மரைன் படையினர் தங்கியிருந்த கட்டடத்துக்குள் பாய்ந்ததில் 241 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். பெரும்பாலோர் லெஜூனிலிருந்து போனவர்கள். அமைதி காக்க வந்தார்கள் என்ற பொருளில் சுவரில் பொறித்திருக்கிறார்கள். அப்போதைய குடியரசுத் தலைவர் ரீகன் என்ன செய்தார்? சில மாதங்களில் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டார். என் கட்சி நண்பர்களில் சிலருக்கு இது இன்றும் தொண்டையில் முள். எதிரிக்குத் தைரியம் கொடுத்துவிட்டார் என்பார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று யாருக்குமே தெரியாத இடத்தில் இன்னும் 5,000 பேரைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு ரோஷம் போதும். வெளியே வருவதற்கு ரீகன் போன்ற ஒருவர் வேண்டியிருந்தது. மறு ஆண்டு அவருடைய பாதுகாப்பு அமைச்சர் வைன்பர்கர், படை அனுப்புவதற்கு முன் கேட்டுப் பார்க்க வேண்டியவை என்று ஆறு நிபந்தனைகள் சொன்னார். நாட்டுக்கு உயிர்நாடியான நலன் இருக்கிறதா, குறிக்கோள் தெளிவா, மக்கள் ஆதரவு உண்டா, வேறு வழியே இல்லையா என்கிற மாதிரியானவை. ஆழம் பார்த்துக் காலை விடு என்பதை அமைச்சர் மொழியில் சொல்லியிருக்கிறார். 2003இல் அதை எடுத்துப் பார்த்திருந்தால் ஒன்றிரண்டு நிபந்தனையாவது தேறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

நான் அகிம்சாவாதி இல்லை. 2001 செப்டம்பருக்குப் பிறகு ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்காகக் காங்கிரஸ் கொடுத்த அனுமதி சுமார் அறுபது சொற்கள் கொண்டது. நாட்டின் பெயர் கிடையாது, முடிவு தேதி கிடையாது. பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரவு, ஒரே ஒருவர் எதிர்ப்பு: கலிஃபோர்னியாவின் பார்பரா லீ. அவருடைய மற்ற எந்தக் கருத்தும் எனக்கு ஒத்துவராது. அந்த வாக்கு மட்டும் சரி. அந்த அறுபது சொற்களைக் காட்டித்தான் பின்னால் வந்த குடியரசுத் தலைவர்கள், இரு கட்சியினரும், யெமன், சோமாலியா, சிரியா என்று போய்க்கொண்டே இருந்தார்கள். தேதி போடாமல் கையொப்பமிட்டுக் கொடுத்த காசோலையை யாராவது கிழித்துப் போடுவார்களா?

தேசப்பற்றுச் சட்டம் என்று பெயர் சூட்டப்பட்ட உளவுச் சட்டத்தின் கதையும் அப்படியே. 2001இல் அதைக் கொண்டுவந்த சென்சன்பிரென்னர் என்ற எங்கள் கட்சிக்காரரே, 2013இல் உளவுத்துறைக்கு வேலை செய்த ஸ்னோடன் வெளியிட்ட ரகசியத் தகவல்களைப் பார்த்துவிட்டு, எல்லாருடைய தொலைபேசி விவரத்தையும் அள்ள நான் எழுதவில்லை என்று கொதித்தார். எழுதும்போது எல்லாரும் நல்லவர்களின் கையில்தான் சாவி இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கணக்கு என் தொழில் என்பதால் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. ராணுவத் தலைமையகமான பென்டகனின் செலவு ஆண்டுக்கு 80,000 கோடி டாலருக்கும் மேல். துறை முழுவதற்குமான முதல் தணிக்கை நடந்ததே 2018இல். அதில் தேறவில்லை, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தேறவில்லை. என்னிடம் வரும் முடிதிருத்தும் கடைக்காரர் இப்படிக் கணக்கு வைத்திருந்தால் வரித்துறை அவருடைய கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு போயிருக்கும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். நெய் வரிப்பணம் மட்டும் இல்லை. கட்டாய ராணுவச் சேவை 1973இல் நின்றுபோனது. இன்று மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூடப் படையில் இல்லை. போருக்குக் கைதூக்குகிறவர் வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் அங்கே போவதில்லை.

மறுபக்கத்து நண்பர்கள் அதற்குள் மகிழ வேண்டாம். 1973இல் காங்கிரஸ் இயற்றிய போர் அதிகாரச் சட்டப்படி, அனுமதி இல்லாத சண்டையை 60 நாளில் நிறுத்தத் தொடங்க வேண்டும். 2011இல் ஒபாமாவின் படைகள் லிபியாவில் அந்தக் கெடுவைத் தாண்டியபோது, நாங்கள் குண்டு போடுவது சட்டம் சொல்லும் 'பகைச்செயல்' வகையில் வராது என்று அவருடைய அரசு விளக்கம் கொடுத்தது. புஷ் அப்படிச் சொல்லியிருந்தால் தெருவில் இறங்கியிருப்பவர்கள் அன்று வீட்டில் இருந்தார்கள்.

"ரஷ்யாவும் சீனாவும் இப்படிக் கேட்டுக்கொண்டா நடக்கின்றன?" என்று ஒருவர் முன்பு என் பதிலின் கீழ் எழுதினார். இல்லைதான். வலிமையான படை வேண்டும், அதற்கு வரி கட்டவும் நான் தயார். குடியுரிமை வாங்கும்போது சட்டம் கோரினால் ஆயுதம் ஏந்துவேன் என்று கையுயர்த்தி உறுதிமொழி எடுத்திருக்கிறேன்; இந்தத் தொப்பையோடு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். நான் கேட்பது ஒன்றுதான். போருக்கு அனுப்புகிற காங்கிரஸ் உறுப்பினர்கள் 535 பேரும் முன்கூட்டியே பெயர் சொல்லி வாக்களிக்கட்டும். ஜோன்ஸுக்கு வருந்துவதற்குச் சொந்தமாக ஒரு வாக்காவது இருந்தது. இப்போது இருப்பவர்கள் அந்த வாக்கையே தவிர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கடந்த தேர்தலுக்கு முன் எங்கள் ஊரில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் வேட்பாளர் ஒருவரிடம் இதையே கேட்டேன்: குடியரசுத் தலைவர் நம் கட்சிக்காரராகவே இருந்தாலும், வாக்கெடுப்பு இல்லாமல் போருக்குப் போனால் எதிர்ப்பீர்களா? படைவீரர்களின் தியாகத்தைப் பற்றி ஐந்து நிமிடம் உருக்கமாகப் பேசினார். கைதட்டினார்கள். பதில் மட்டும் வரவில்லை. அவருக்குத்தான் வாக்களித்தேன். எதிர்த்து நின்றவரிடமும் கேட்டிருந்தேன். அவர் ஏழு நிமிடம் பேசினார்.