ஜனவரியில் மகளோடு நியூ ஜெர்சி வரும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவு படித்தேன். ஜனவரியில் எச்-1பி வேலை விசாவில் நியூ ஜெர்சி வருகிறீர்கள். மனைவியும் ஆறு வயது மகளும் உங்களைச் சார்ந்த எச்-4 விசாவில். வாடகை எவ்வளவு ஆகும், பழைய கார் வாங்கலாமா, குளிருக்கான உடுப்பைச் சென்னையிலேயே வாங்கிவிடலாமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மகளுக்கு ஆட்டிசம் என்று இங்கே சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் பள்ளியில் சேர்த்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாமா?"

அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில். குளிர் உடுப்பை இங்கே வந்து வாங்குங்கள், அங்கே விற்பது இந்தக் குளிருக்குத் தாங்காது. மற்றவற்றை அலுவலக நண்பர்கள் சொல்வார்கள்.

சொல்லாமல் சேர்க்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் சேர்த்தோம். 2011 ஜனவரி. மகனுக்கு ஐந்து வயது. எங்களுக்கு முன்பே வந்து வீடு வாங்கிக் குடியேறியிருந்த உறவினர் ஒருவர், "முதல் நாளே சொன்னால் முத்திரை குத்திவிடுவார்கள், அப்புறம் வாழ்நாள் முழுக்க அழியாது. ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசுவார்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்றார். சென்னை மருத்துவர் கொடுத்த அறிக்கைகள், பேச்சுப் பயிற்சியாளரின் குறிப்பேடு எல்லாம் பெட்டியின் அடியில், என் கூறைப்புடவைக்குக் கீழே கிடந்தன. நான் வெளியே எடுக்கவில்லை.

மூன்றாவது வாரம் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. தீயணைப்பு ஒத்திகை மணி அடித்திருக்கிறது. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான், ஒரு மணி நேரமாக யார் கூப்பிட்டும் வரவில்லை. நான் பனியில் நடந்து போய்ச் சேர்ந்தபோது அவன் தொண்டை கட்டியிருந்தது. சுற்றி நின்ற யாருக்கும் அவனுக்கு என்ன என்று தெரியாது. தெரியாமல் வைத்திருந்தது நான்.

பிறகு மதிப்பீடு செய்தார்கள். முழுக்க ஆங்கிலத்தில். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். விரல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த சிவப்புக் கம்பளிக் கையுறை. இங்கே மிட்டன் என்பார்கள். மயிலாப்பூரில் வளர்ந்த பிள்ளை அதை எங்கே பார்த்திருப்பான்? பேசாமல் இருந்தான். ஒரு பூஜ்யம். அடுத்து பனியில் சறுக்கும் வண்டி. இன்னொரு பூஜ்யம். வீட்டில் 'தயிர்', 'மாடி', 'ஆட்டோ' என்று முப்பது, நாற்பது சொற்கள் சொல்லக்கூடிய பிள்ளை, அந்தத் தாளில் சொல்லே இல்லாத பிள்ளையாகப் பதிவானான். கூடவே ஓர் அறிவுரையும் வந்தது: வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், குழம்புகிறான் என்று. நாங்கள் நிறுத்தினோம். என் வாழ்க்கையில் நான் மிகவும் வருந்துவது அந்த ஒன்றரை ஆண்டுக்காகத்தான். எங்களுக்கே தடுமாறிய ஆங்கிலத்தில் அவனோடு பேசினோம். இருந்த சொற்களும் போயின.

அந்த மதிப்பீடு சட்டப்படி தவறு என்று எனக்கு அப்போது தெரியாது. முடிந்தவரை குழந்தையின் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும் என்று அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆங்கிலம் தெரியாததை மட்டும் காரணமாக வைத்து ஒரு குழந்தைக்குக் குறைபாடு என்று முடிவு செய்யக்கூடாது என்றும் இருக்கிறது. இது பற்றிப் பள்ளி நடத்தும் கூட்டத்தில் பேசுவது பெற்றோருக்குப் புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளரைப் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும், அதுவும் தன் செலவில். ஆங்கிலத்தில் வேலை பார்க்கிறோமே, மொழிபெயர்ப்பாளர் கேட்டால் கௌரவக் குறைவு என்று நினைக்காதீர்கள். உங்கள் மனைவிக்காகக் கேளுங்கள். பிள்ளையோடு அதிக நேரம் இருக்கப்போவது அவர்தான்.

இந்தச் சட்டம் வந்த கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் முதுகு நிமிரும். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில், ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி இல்லாத பிள்ளையைப் பள்ளி சேர்க்க மறுக்கலாம் என்று ஒரு காலத்தில் சட்டமே இருந்தது. பெற்றோர்கள் சேர்ந்து வழக்குப் போட்டு 1972இல் அதை உடைத்தார்கள். அதே ஆண்டு தலைநகர் வாஷிங்டனில் இன்னொரு வழக்கு. பணமில்லை என்று கல்வி நிர்வாகம் சொன்னபோது, பற்றாக்குறையின் சுமையை இந்தக் குழந்தைகள் தலையில் மட்டும் ஏற்றக்கூடாது என்றது நீதிமன்றம். 1975இல் நாடாளுமன்றம் கணக்கெடுத்துப் பார்த்தபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வெளியே நின்றார்கள். அந்த நவம்பர் 29ஆம் தேதி அதிபர் ஃபோர்டு சட்டத்தில் கையெழுத்திட்டார். 1990இல் அதற்கு இன்றைய பெயர் வந்தது. மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம் என்பதை ஐடியா (IDEA) என்று சுருக்கிச் சொல்வார்கள். ஆட்டிசம் தனிப் பிரிவாகச் சேர்ந்ததும் அந்த ஆண்டுதான். இன்று 75 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இதன் கீழ் படிக்கிறார்கள். யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை, தம்பி. வழக்காடி வாங்கியது.

உங்கள் மகளுக்கு இதில் என்ன இருக்கிறது? 3 வயது முதல் 21 வரை, இலவசமாக, அவளுக்குப் பொருத்தமான கல்வி. முடிந்தவரை மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து. அதை எப்படிக் கொடுப்பார்கள் என்று எழுதிவைக்கும் ஆவணம்தான் ஐ.இ.பி., அவளுக்கென்றே தயாரிக்கும் தனிநபர் கல்வித் திட்டம். பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம், தனியாகவா குழுவிலா, உதவியாளர் உண்டா, பஸ் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். அதில் எழுதாதது எதுவும் கிடைக்காது. ஆசிரியை புன்னகையோடு "பார்த்துக்கொள்கிறோம்" என்றால் அதற்கு மதிப்பில்லை. தாளில் ஏறினால்தான் மதிப்பு.

உங்கள் விசாவைப் பற்றிப் பள்ளி கவலைப்படாது. குடியேற்ற ஆவணமே இல்லாத பிள்ளைக்கும் பள்ளியை மறுக்கக்கூடாது என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, இவைதான் கேட்பார்கள். சிறப்புக் கல்வி வாங்கினால், இங்கே நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் பச்சை அட்டை கிடைக்காது என்று நம்மவர்களிடையே ஒரு வதந்தி உலவுகிறது. என் மகன் 11 ஆண்டுகள் வாங்கினான், பிறகுதான் எங்களுக்குப் பச்சை அட்டை வந்தது. ஒருவரும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

இப்போது கவனமாகக் கேளுங்கள். சேர்க்கும் அன்றே ஒரு கடிதம் கொடுங்கள். "என் மகளுக்குச் சிறப்புக் கல்வித் தகுதிக்கான மதிப்பீடு செய்யுமாறு கோருகிறேன்" என்ற ஒரு வரி போதும், தேதியும் கையெழுத்தும் முக்கியம். அங்கே 'சைல்ட் ஸ்டடி டீம்' என்று ஒன்று இருக்கும்: உளவியலாளர், கற்றல் குறைபாட்டு ஆலோசகர், சமூகப் பணியாளர். கடிதம் போன 20 நாளுக்குள் அவர்கள் உங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட வேண்டும். மதிப்பீட்டுக்கு நீங்கள் ஒப்புதல் கொடுத்ததிலிருந்து 90 நாளுக்குள் எல்லாம் முடிந்து, திட்டம் நடைமுறைக்கு வர வேண்டும். இது நியூ ஜெர்சிக் கணக்கு. வாயால் கேட்டால் இந்தக் கடிகாரம் ஓடாது. நான் நான்கு மாதம் வாசலில் நின்று வாயால் கேட்டவள். சென்னை அறிக்கையைக் கட்டாயம் கொடுங்கள். அதை வைத்து மட்டுமே தகுதி முடிவாகாது என்றாலும் கண்ணெதிரே ஆதாரம் இருக்கும்போது தட்டிக்கழிப்பது கடினம்.

என் முதல் ஐ.இ.பி. கூட்டத்தைச் சொல்கிறேன். முதல் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகள். மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் நான் மட்டும்; கணவருக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டி. முப்பது பக்கத்துக்கு மேல் இருந்த கட்டு ஒன்றை என் பக்கம் தள்ளி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவை அதன் மேல் வைத்தார்கள். "எல்லாம் வழக்கமானதுதான்" என்றார்கள். பெரியவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. போட்டுவிட்டேன். வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி, ஐந்து பிள்ளைகளுக்கு நடுவில் பேச்சுப் பயிற்சி. ஒன்றரை ஆண்டு அதுதான் ஓடியது.

உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வருகைப் பதிவுக்கு ஒரு கையெழுத்து, ஒப்புதலுக்கு ஒரு கையெழுத்து. எது எது என்று கேட்டுப் பிரித்துப் பாருங்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முதல் திட்டத்தை உங்கள் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் அவர்கள் தொடங்க முடியாது. அடுத்த ஆண்டுகளில் அப்படியல்ல: இந்த மாநிலத்தில் 15 நாளுக்குள் நீங்கள் சமரசப் பேச்சோ விசாரணையோ கோரவில்லை என்றால் புதிய திட்டம் தானாக நடைமுறைக்கு வந்துவிடும். பேசாமல் இருப்பதும் சம்மதம்தான். நேரத்தோடு கோரினால், வழக்கு முடியும்வரை பிள்ளை இருந்த இடத்திலேயே இருப்பாள். விசாரணையில் தங்கள் திட்டம் சரியானது என்று நிரூபிக்க வேண்டியதும் பள்ளிதான். எல்லா மாநிலத்திலும் இப்படியில்லை.

"ஏதோ கொஞ்சம் முன்னேறுகிறாளே" என்று அவர்கள் சொன்னால் தலையாட்டாதீர்கள். கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்: பெயரளவு முன்னேற்றம் போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்குப் பொருத்தமான முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும்.

பள்ளிகள் ஏன் இப்படி இழுக்கின்றன என்றால், பணம். கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவருக்கான தேசிய சராசரிச் செலவில் 40 சதவீதம்வரை மத்திய அரசு தரும் என்று 1975இல் ஏற்றுக்கொண்டார்கள். இன்றுவரை அது ஒரு நாளும் முழுதாக வந்ததில்லை. மீதி மாநில நிதியிலிருந்தும் உள்ளூர் வீட்டுவரியிலிருந்தும். மத்திய கல்வித் துறையைக் கலைக்க 2025 மார்ச்சில் அதிபர் உத்தரவு போட்டதைப் படித்துப் பயந்திருப்பீர்கள். எனக்கும் கவலை உண்டு. ஆனால் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது, அதிபர் உத்தரவால் போய்விடாது.

எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் நம்மவர் இல்லை. பஸ் நிறுத்தத்தில் சந்தித்த ஸ்பானிய மொழி பேசும் ஒரு தாய். ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலை. என்னைவிடக் குறைவான ஆங்கிலம். கையில் தடித்த வெள்ளைக் கோப்பு, ஒவ்வொரு கடிதத்திலும் தேதி முத்திரை. "எழுது, தேதி போடு, நகல் வை" என்று விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். இரண்டு பட்டம் வாங்கிய நான் அவரிடம்தான் படித்தேன். மாநிலந்தோறும் பெற்றோருக்கு இலவசமாக வழிகாட்ட மத்திய அரசு நிதியில் மையம் இருக்கிறது, இங்கே ஸ்பான் என்று பெயர் என்பதையும் அவர்தான் சொன்னார். நீங்கள் வந்தவுடன் அவர்களை அழையுங்கள்.

நம்மவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. பள்ளி மதிப்பெண் தரவரிசையைப் பார்த்து வீடு பார்ப்பார்கள். சிறப்பு வகுப்பு எப்படி என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. கோயிலில் என் மகன் கையைத் தட்டிக் குதித்தால், தங்கள் பிள்ளையை மெல்ல அந்தப் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். தங்கள் வீட்டிலேயே இப்படி ஒரு பிள்ளை இருப்பதை எட்டு ஆண்டு மறைத்துவிட்டு, ஒரு நாள் நள்ளிரவு என்னை அழைத்து அழுத தாய்மார்கள் மூன்று பேர். அந்த எட்டு ஆண்டை யார் திருப்பித் தருவார்கள்? தனியார் பள்ளியில் போட்டால் மரியாதை என்று நினைப்பவர்களும் உண்டு. நீங்களாகத் தனியார் பள்ளிக்குக் கொண்டுபோனால் இந்தத் தனிப்பட்ட உரிமை மகளோடு கூட வராது.

ஊரிலும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது, 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி என்று எழுதியிருக்கிறது. உங்கள் மகளை எத்தனை பள்ளிகள் "வேறு இடம் பாருங்களேன்" என்று அனுப்பின என்று நான் கேட்கப்போவதில்லை. எங்களை நான்கு பள்ளிகள் அனுப்பின. இங்கே அந்த வாக்கியத்தைச் சொல்ல அரசுப் பள்ளிக்கு அனுமதி இல்லை. அந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் இத்தனை பனியையும் விசா வரிசையையும் தாங்கினேன்.

விசா என்றதும் ஒன்று. எச்-4 பிள்ளைக்கு 21 வயதானால் சார்பு விசா முடிந்துவிடும். இந்தியர்களின் பச்சை அட்டை வரிசை உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு 2022இல் வந்தது, மகனுக்கு 16 வயது. அதுவரை ஒவ்வொரு பிறந்தநாளும் எனக்குத் தூக்கம் கெட்ட நாள். உங்கள் நிறுவனம் பச்சை அட்டை விண்ணப்பத்தை முதல் ஆண்டிலேயே தொடங்குமா என்று வேலையை ஏற்கும் முன்பே கேளுங்கள். சம்பளத்தைவிட இது முக்கியம்.

மகனுக்கு இப்போது 20. வாயால் பேசுவது இன்னும் குறைவுதான். அவனுக்கு எட்டு வயதானபோது, வேறொரு பேச்சுப் பயிற்சியாளர் வந்தார். படத்தைத் தொட்டால் பேசும் ஒரு கருவியைத் திட்டத்தில் எழுதவைத்துப் பள்ளிச் செலவிலேயே வாங்கிக்கொடுத்தார். வீட்டில் என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன், தயங்கி. "அப்படியானால் தமிழும் இதில் இருக்க வேண்டும், உங்கள் குரலில் பதிவு செய்து கொண்டு வாருங்கள்" என்றார். வீட்டில் சத்தமில்லாத இடம் கோட்டுகள் தொங்கும் அலமாரிதான். அதற்குள் நின்று கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன்: அம்மா. அப்பா. தண்ணீர். தயிர் சாதம். வலிக்கிறது. போதும். வேண்டாம். ஒன்றரை ஆண்டு அவனிடமிருந்து நான் பறித்து வைத்திருந்த சொற்கள்.

மறுநாள் இரவு தட்டில் ஓட்ஸ் கஞ்சி வைத்தேன். அவன் கருவியை இழுத்து, நிதானமாகத் தேடி, ஒரு படத்தைத் தொட்டான். என் குரலிலேயே எனக்குப் பதில் வந்தது: "வேண்டாம்." மறுபடி தொட்டான்: "தயிர் சாதம்." கஞ்சியை எடுத்துவிட்டு, அழுதுகொண்டே பிசைந்து கொடுத்தேன்.

மகளின் அறிக்கைகளை, எல்லாப் பக்கங்களையும், இரண்டு நகல் எடுத்துக் கைப்பையில் கொண்டு வாருங்கள். பெட்டியில் போடாதீர்கள். எந்த ஊரில் வீடு பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள், அங்கே சிறப்பு வகுப்பு எப்படி என்று எனக்குத் தெரிந்த தாய்மார்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.