வாசகர் கேள்வி – பதில்: மன்னிப்புக் கிடைத்த பின்னும் பழைய கடனா?

கேள்வி: ஐயா, இரட்சிக்கப்படுவதற்கு முன்பு, கூட்டுத் தொழிலில் பொய்க்கணக்கு எழுதிக் கூட்டாளியின் பணத்தை எடுத்தேன். அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆண்டவரிடம் அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பழையவைகள் ஒழிந்துபோயின" என்று வேதம் சொல்லும்போது, திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: கொடுக்கத்தான் வேண்டும், சகோதரரே. மன்னிப்பைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். அதற்கான விலையைக் கிறிஸ்து சிலுவையில் முழுவதுமாகச் செலுத்திவிட்டார். ஆனால் அந்தப் பணம் இன்றும் உங்கள் கூட்டாளியுடையது. கிறிஸ்துவுக்குள் நீங்கள் புதுச்சிருஷ்டி என்று சொல்லும் 2 கொரிந்தியர் 5:17, அடுத்தவர் பணத்தை உங்கள் பெயருக்கு மாற்றித் தரவில்லை.

வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயு (லூக்கா 19) ஒரு காசு கொடுப்பதற்கு முன்பே இயேசு அவனைப் பெயர் சொல்லி அழைத்தார், அவன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். அதன் பிறகுதான் அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலத்தனை என்றான். தானாக அறிக்கையிட்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம் (எண்ணாகமம் 5:7). நாலு மடங்கு, திருடிய ஆட்டைக் கொன்றவனுக்கும் விற்றவனுக்கும் உரிய தண்டனை (யாத்திராகமம் 22:1). யாரும் கேட்காமலே அந்தப் பெரிய கணக்கைச் சகேயு தன்மேல் போட்டுக்கொண்டான்.

அந்த ஐந்தில் ஒரு பங்கு இன்று நமக்குச் சட்டமல்ல. ஆனாலும் நல்ல அளவுகோல் என்றே நினைக்கிறோம். இத்தனை காலம் பணம் கையில் இல்லாமல் அவர் இழந்ததற்கும் ஈடு வேண்டுமே! 1,00,000 எடுத்திருந்தால் 1,20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகை சரியாக நினைவில்லை என்றால் கூட்டியே மதிப்பிடுங்கள். மொத்தமாகத் தர முடியாவிட்டால் தவணைத் தேதிகளை எழுதிக் கொண்டுபோங்கள். வீட்டுச் செலவு பாதிக்கும் என்பதால் மனைவியிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். வழக்கு வரும் என்று பயந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள், ஆனால் தப்பிக்க வழி தேடி அவரிடம் போகாதீர்கள்.

பேசும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். "ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்பது அறிக்கையே அல்ல. "இந்தக் கணக்கில் பொய் எழுதி இவ்வளவு எடுத்தேன், அது திருட்டு" என்று சொல்லுங்கள். அன்றைய கஷ்டங்களை அதோடு சேர்க்காதீர்கள், கேட்பவருக்கு அது சாக்காகவே படும். உடனே மன்னிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தாதீர்கள். அவருக்கு இது புதுக் காயம், கோபப்படும் உரிமை உண்டு.

இன்னொன்று, அந்தத் தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போட்டு மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். பாதிக்கப்பட்டவருக்கே கொடுக்க வேண்டும். அவர் இல்லையென்றால் உறவினருக்கு. உறவினரும் இல்லையென்றால்தான் கர்த்தருக்கு. எண்ணாகமம் 5:8 சொல்லும் வரிசை இதுதான்.

கேள்வி: விசுவாசத்தால் நீதிமான் என்கிறார் பவுல், கிரியைகளால் (செயல்களால்) என்கிறார் நிருபம் எழுதிய யாக்கோபு. யாரை நம்புவது?

பதில்: இருவரும் ஆபிரகாமைக் காட்டுகிறார்கள், ஆனால் வேறு வேறு நாட்களில். பவுல் எடுப்பது ஆதியாகமம் 15:6. அப்போது அவன் மகன் ஈசாக்கு பிறக்கவே இல்லை. நட்சத்திரங்களைப் பார்த்து, அத்தனை சந்ததி உண்டாகும் என்ற வாக்குத்தத்தத்தை நம்பினான், அவ்வளவுதான். யாக்கோபு எடுப்பது, ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கொண்டுபோகும் 22ஆம் அதிகாரம். அங்கே ஈசாக்கு விறகு சுமக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். பல வருடங்களுக்கு முன்பே நீதியாக எண்ணப்பட்ட விசுவாசம் அந்த மலையில் செயலாக வெளிப்பட்டது. பவுலும் எபேசியர் 2:9இல் கிரியைகளினால் அல்ல என்று எழுதிய கையோடு, நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று 10ஆம் வசனத்தை எழுதுகிறார்.

சபைகள் நூற்றாண்டுகளாகப் பிரிந்து நின்ற இடம் இது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, தேவன் நம்மைக் கிருபையினால் மட்டுமே ஏற்றுக்கொள்கிறார், நற்கிரியைகளுக்கு நம்மை அழைத்துப் பெலன் தருகிறார் என்று ஒருமித்துச் சொல்கிறது.

கேள்வி: இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளனைப் போலக் கடைசி நேரத்தில் மனந்திரும்பினால் போதாதா?

பதில்: அந்தக் கள்ளன் மனந்திரும்புதலைத் தள்ளிப்போட்டதாக லூக்கா எழுதவில்லை. இயேசுவை ராஜாவாக அறிந்துகொண்ட அந்த நேரத்திலேயே தன்னை நினைக்கும்படி அவரை நோக்கிக் கேட்டான். நீங்களோ இப்போதே அறிந்திருக்கிறீர்கள்.

கேள்வி: சில மாதங்களாக ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. முன்பிருந்த சந்தோஷமும் இல்லை. இரட்சிப்பை இழந்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு வாசகி)

பதில்: சகோதரி, இழந்துவிட்டோமோ என்று இப்படித் தவிக்கும் மனம் தேவனை விட்டு ஓடுகிற மனம் அல்ல. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்கும் 88ஆம் சங்கீதம், ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாகவே வேதம் வைத்திருக்கிறது.

சொந்த வார்த்தை வராத நாட்களில் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். பத்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று தீர்மானித்து மூன்றாம் நாளே விட்டுவிட்டுக் குற்றவுணர்வில் சிக்குகிறவர்கள் நிறைய. மறைத்து வைத்திருக்கும் பாவம் ஏதாவது இருந்தால் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள் (1 யோவான் 1:9). ஒன்றும் தென்படவில்லையென்றால் தோண்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஆராதனையையும் திருவிருந்தையும் விட்டுவிடாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, உங்களோடு சேர்ந்து ஜெபிக்கக் கேளுங்கள்.

உடம்பையும் கவனியுங்கள். சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் இரண்டு முறை சாப்பாடு கொடுத்தான், நடுவே தூங்கவும் விட்டான் (1 இராஜாக்கள் 19). தூக்கம், பசி, வேலையில் ஆர்வம் எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் அன்றே போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.