திசு வால்வா, உலோக வால்வா: எது கட்டுப்படியாகும்?

கேள்வி: என் மனைவிக்கு வயது 28. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு பழுதடைந்துவிட்டது. சீரமைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். உலோக வால்வு என்றால் 3.5 லட்சம் ரூபாய், திசு வால்வு என்றால் 4 லட்சம் ஆகும் என்கிறார்கள். எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. என் சம்பளம் 42,000 ரூபாய். நிறுவனத்தின் குழுக் காப்பீடு 3 லட்சம். சீட்டு எடுத்தால் 2 லட்சம் கிடைக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: காப்பீட்டுத் தொகை முழுமையாகக் கிடைத்தால், சீட்டுப் பணத்தையும் சேர்த்து இரண்டில் எந்த வால்வுக்கும் இன்றைய செலவைச் சமாளித்துவிடலாம். எனவே அந்த 50,000 ரூபாய் வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். கணக்குப் பார்க்க வேண்டியது அடுத்த 20 ஆண்டுகளை.

உலோக வால்வு பல பத்தாண்டுகள் தாங்கக்கூடியது. ஆனால் அதன்மீது இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட்டு, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையையும் தவறாமல் செய்துவர வேண்டும். மாத்திரை, பரிசோதனை, எக்கோ என்ற இதய ஸ்கேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 1,500 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். தொகை சிறிதுதான்; ஆனால் கையில் பணமில்லை என்று ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட முடியாத செலவு இது.

மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்யப்படும் திசு வால்வுக்கு, வேறு காரணம் இல்லாவிட்டால், இந்த மாத்திரை சில மாதங்களுக்கு மட்டுமே தேவைப்படும். ஆனால் இளம் வயதினரின் உடலில் அதில் சுண்ணாம்புச் சத்து விரைவாகப் படிந்து பழுதாகிவிடுவதால், சுமார் 10 ஆண்டுகளில் இரண்டாவது அறுவை சிகிச்சை வரும் என்றே திட்டமிட வேண்டும். இன்றைய 4 லட்சம், ஆண்டுக்கு 10 சதவீதம் உயர்ந்தால், 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 10.4 லட்சமாகிவிடும். 7 சதவீத வருமானத்தில் அதைச் சேர்க்க இன்றிலிருந்தே மாதம் சுமார் 6,000 ரூபாய் போட வேண்டும்.

பணத்தை மட்டும் பார்த்தால் உலோக வால்வுதான் சிக்கனம். ஆனால் உங்கள் வீட்டில் குழந்தை என்ற கேள்வி இருக்கிறதே! வார்ஃபரின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைச் சென்றடையும். குறிப்பாக 6 முதல் 12 வாரங்களில் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். அதற்குப் பதிலாக ஹெப்பரின் ஊசிக்கு மாறினால், வால்வில் இரத்தம் உறையும் அபாயம் தாய்க்குக் கூடுகிறது. தாய்மையை விரும்பும் இளம்பெண்களுக்கு, மறு அறுவை சிகிச்சை வரும் என்று தெரிந்தே திசு வால்வைப் பரிசீலிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். முடிவெடுக்கும் முன் இதய நிபுணரையும் மகப்பேறு மருத்துவரையும் நீங்கள் இருவரும் சேர்ந்து சந்தியுங்கள். திசு வால்வே ஏற்றது என்று அவர்கள் கூறினால், பணத்தைக் காரணம் காட்டி அதை மறுக்க வேண்டாம். மாதம் 6,000 ரூபாய் சுமைதான் என்றாலும், உங்கள் சம்பளத்தில் முடியாததல்ல.

அந்தச் சுமையைக் குறைக்கக் காப்பீட்டை இப்போதே சரிசெய்யுங்கள். குழுக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா, அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா என்பதை மனிதவளப் பிரிவிடம் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். வேலையை விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும் என்பதால், மனைவியின் பெயரில் தனிப் பாலிசிக்கும் முயலுங்கள். நோயை மறைக்காமல் தெரிவியுங்கள். சில நிறுவனங்கள் மறுக்கலாம். ஏற்றுக்கொள்ளும் நிறுவனம், 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதங்களுக்கு மேல் காத்திருப்புக் காலம் (அதுவரை அந்த நோய்க்குப் பணம் கிடைக்காது) வைக்க முடியாது. இப்போதைய அறுவை சிகிச்சைக்கு அது உதவாது. ஆனால் 10 ஆண்டுகள் கழித்து வரக்கூடிய சிகிச்சைக்கு அந்தப் பாலிசி கைகொடுக்கும். பிரீமியத்தை மட்டும் ஒரு முறையும் தவறவிடாதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1.20 லட்சம் ரூபாய் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது. சம்பாதிப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், உங்கள் பெயரில் ஒரு டேர்ம் பாலிசியை (நீங்கள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.