வாலன்டீனின் கட்டிலருகே – கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் கனகாலமாகச் சுவிட்சர்லாந்தில், பாசலில் இருக்கிறோம். ஹோட்லர் என்ற பெயர் என் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்ததால்தான் எனக்குத் தெரியும். மலையும் ஏரியும் வரைந்தவர், இந்த நாட்டுக்காரர் கொண்டாடுகிற ஓவியர் என்ற அளவில். போன மாதம் மகளோடு இங்குள்ள கலை அருங்காட்சியகத்துக்குப் போனபோது அவருடைய படம் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டோம். இறந்துபோன ஒரு பெண் நீட்டிப் படுத்திருக்கிறார். அவ்வளவுதான் படம். ஹோட்லர் நேசித்த பெண் என்றும், அவர் புற்றுநோயில் கிடந்த மாதங்கள் முழுக்க ஹோட்லர் அவரைப் படமாகக் கீறிக்கொண்டே இருந்தார் என்றும் பிறகு வாசித்தோம். மகள் கேட்டாள்: "சாகிற ஆளைப் பார்த்துப் பார்த்துக் கீறுறது பாவம் இல்லையா அம்மா? அந்த நேரம் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கலாம்தானே?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் அம்மாவின் கடைசி நாட்களில் யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். நீங்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

ச., பாசல்

*

அன்புள்ள ச. அவர்களுக்கு,

பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் மகள் கேட்டது கேட்கப்படவேண்டிய கேள்வி. அந்தப் படங்களை மாபெரும் காதலின் சாட்சி என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போகிறவர்களைவிட உங்கள் மகள் அவற்றை நன்றாகப் பார்த்திருக்கிறாள்.

ஃபெர்டினாண்ட் ஹோட்லர் 1853இல் பெர்னில் பிறந்தார். அப்பா தச்சர். ஆறு பிள்ளைகளில் இவர் மூத்தவர். ஏழு வயதில் அப்பாவைக் காசநோய் கொண்டுபோனது. 1867இல் அம்மாவையும் அதே நோய். பிறகு தம்பி தங்கைகள் ஒருவர்பின் ஒருவராக. 1885 வாக்கில் அந்தக் குடும்பத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். வீட்டில் எப்போதும் யாரோ ஒருவர் இறந்து கிடப்பதுபோலவும், அது அப்படித்தான் இருக்கவேண்டும் என்பதுபோலவும் தனக்கு அப்போது தோன்றியது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாவு வீட்டிலேயே வளர்ந்த பையன் என்பதை மறந்துவிட்டு அந்தக் கட்டிலருகே அவரை வைத்துப் பார்க்க முடியாது.

தொழில் கற்றது மிகச் சாதாரண இடத்தில். அம்மா மறுமணம் செய்துகொண்டவர் அலங்கார வண்ண வேலை பார்த்தவர். பையன் அவருக்கு உதவியாக இருந்தான். பிறகு தூன் ஊரில் ஒரு பட்டறை. அங்கே சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்க ஏரி, மலை, வீடு என்று ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதித் தள்ளுவார்கள். பதினெட்டு வயது வாக்கில் ஜெனீவாவுக்கு நடந்தே போய், அங்கிருந்த அருங்காட்சியகத்தில் மலைக்காட்சிகளைப் பார்த்து நகலெடுத்துக்கொண்டிருந்தவரை பார்தெலெமி மென் என்ற ஆசிரியர் கண்டுபிடித்து மாணவராகச் சேர்த்துக்கொண்டார். மென், பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ருடைய (Ingres) மாணவர். கோட்டின் துல்லியம் ஹோட்லருக்கு அந்த வழியில் வந்தது. உருவப்படம் வரையும்போது தனக்கும் எதிரில் இருப்பவருக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தகட்டை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முகத்தின் விளிம்பை நேராகக் கண்ணாடியிலேயே இழுத்து, அதைத் தாளுக்கு மாற்றிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. பழைய ஜெர்மன் ஓவியர் டியூரர் சொன்ன முறை அது. கண் பார்ப்பதை மனம் திருத்திவிடக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

நீங்கள் பாசலில் பார்த்த படத்துக்குக் கால் நூற்றாண்டு முன்பே அவர் சாவை வரைந்துவிட்டார். பெர்ன் அருங்காட்சியகத்தில் 'இரவு' என்ற படம் இருக்கிறது. ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம். ஆண்களும் பெண்களும் தரையில் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஒருவன் மட்டும் திடுக்கிட்டு விழித்திருக்கிறான். கறுப்புத் துணி போர்த்திய ஓர் உருவம் அவன்மேல் குந்தியிருக்கிறது. அதைத் தள்ளிவிடத் துணியைப் பிடித்து இழுக்கிறான். அந்த முகம் ஹோட்லருடையது. மாலையில் நிம்மதியாகப் படுத்தவர்களில் பலர் காலையில் எழமாட்டார்கள் என்ற பொருளில் படச்சட்டத்தில் ஒரு வாசகம். 1891இல் ஜெனீவா கண்காட்சிக்கு இது வந்தபோது ஒழுக்கக்கேடு என்று சொல்லி நகரத் தலைவர் எடுத்துவிடச் சொன்னார். ஹோட்லர் தனியாக ஒரு கட்டடத்தை எடுத்து, நுழைவுக் கட்டணம் வைத்துக் காட்டினார். அந்தப் பணத்தோடு படம் பாரிஸுக்குப் போனது. அங்கே சிற்பி ரோதானும் ஓவியர் புவி த ஷவானும் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த வெற்றிக்கதைதான். சூரிச் தேசிய அருங்காட்சியகத்தின் ஆயுத மண்டபச் சுவரில் மரிஞ்ஞானோ போரில் சுவிஸ் படை தோற்றுப் பின்வாங்கும் காட்சி, அந்த ஓவியத்தை ஒட்டிப் பல ஆண்டு வாக்குவாதம், 1904இல் வியன்னாவில் பெரும் புகழ், 1911இல் வெளிவந்த சுவிஸ் தேசிய வங்கியின் ஐம்பது பிராங்கு, நூறு பிராங்கு நோட்டுகளில் அவர் வரைந்த மரம் வெட்டுபவரும் புல் அறுப்பவரும். இதைப் பற்றியெல்லாம் அந்த நாட்டில் நிறையவே எழுதியிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு அது தேவைப்படுகிறது. இயற்கையில் ஒரே வடிவம் அடுத்தடுத்துத் திரும்ப வருவதில்தான் ஒழுங்கு இருக்கிறது, ஓவியன் அதைத்தான் காட்டவேண்டும் என்பது ஹோட்லரின் கொள்கை. 'இணைநிலை' என்று பெயர் வைத்து 1897இல் ஃப்ரிபூர்கில் உரையும் ஆற்றினார். வரிசையாக நிற்கும் மரங்கள், ஏரியில் தலைகீழாக விழும் மலை, ஒரே அசைவில் நிற்கும் பெண்கள் என்று அவருடைய பெரிய படங்கள் எல்லாம் இதன்படி அமைந்தவை. சில இடங்களில் இந்தக் கொள்கை படத்தை விறைப்பாக்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். ஊரே கொண்டாடும் சில சுவரோவியங்களில் மனிதர்கள் கம்பத்தை நட்டதுபோல நிற்கிறார்கள்.

நீங்கள் படத்தில் பார்த்த பெண், வாலன்டீன் கோடே-டாரெல், பாரிஸ்காரர். 1908இல் ஹோட்லரின் வாழ்க்கையில் வந்தார். அவரைவிட இருபது வயது இளையவர். அப்போது ஹோட்லருக்குப் பெர்த் என்ற மனைவி இருந்தார். 1913 அக்டோபரில் வாலன்டீனுக்குப் பெண் குழந்தை பிறந்தது, போலெட். நோய் அதை ஒட்டியே தெரிந்தது. 1914 முழுக்க அறுவைச் சிகிச்சை, படுக்கை. ஹோட்லர் ஜெனீவாவிலிருந்து ஏரியின் மறுகோடியில் இருக்கும் வெவேக்கு வந்து வந்து வரைந்தார். அதே ஆண்டுதான் ஜெர்மன் படை பிரான்சின் ரைம்ஸ் தேவாலயத்தைக் குண்டுவீசித் தாக்கியதைக் கண்டித்து ஜெனீவாக்காரர்கள் விட்ட அறிக்கையில் கையெழுத்திட்டார். ஜெர்மன் கலைச் சங்கங்கள் அவரை நீக்கின. யேனா பல்கலைக்கழகத்தில் இருந்த அவருடைய பெரிய படத்தைப் பலகை அடித்து மறைத்தார்கள். சந்தையும் பேரும் ஒருபக்கம் சரிய, அவர் அந்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வரைபடங்களும் வண்ணப் படங்களுமாக இருநூறுக்கும் மேல். பலவற்றில் தேதி போட்டிருக்கிறார். முதலில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் வாலன்டீன்; கண் நம்மைப் பார்க்கிறது. ஒரு படத்தில் கடிகாரமும் ரோஜாக்களும்கூட இருக்கின்றன. போகப் போக அதெல்லாம் கழிகிறது. தலை சாய்கிறது, கன்னம் உள்வாங்குகிறது, மூக்கு மட்டும் கூர்மையாக நிமிர்ந்து நிற்கிறது, வாய் திறந்துகொள்கிறது. 1915 ஜனவரி 25 அன்று அவர் இறந்தார். அன்று வெவேயிலிருந்து ஏரியில் சூரியன் இறங்குவதையும் ஹோட்லர் வரைந்திருக்கிறார். நீங்கள் பார்த்த படம் மறுநாள், 26ஆம் தேதி வரைந்தது.

ஹோட்லர்மேல் வைக்கப்படும் கடுமையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. நிற்கும் கோடு உயிர், கிடக்கும் கோடு சாவு என்ற தன் கொள்கைக்கு ஒரு பெண்ணின் சாவையே அவர் உதாரணமாக்கிக்கொண்டார் என்று. உங்கள் மகள் கேட்டதன் இன்னொரு வடிவம்தான் இது. நான் இதை ஏற்கவில்லை. காரணம் அந்தப் படங்களுக்குள்ளேயே இருக்கிறது. வாலன்டீன் உயிரோடு இருக்கும்வரை வரைந்த முகங்களில் இணைநிலை என்ற ஒழுங்கு எங்கும் இல்லை. தூரிகை அவசரப்படுகிறது. தோலில் பச்சையும் பழுப்பும் கலங்கிக் கிடக்கின்றன. கோட்டை இவ்வளவு சுத்தமாக இழுக்கும் கை, அதே கன்னத்தின்மேல் நாலைந்து முறை திரும்பத் திரும்பப் போகிறது. கொள்கை வைத்திருக்கும் ஆள் வரைவதுபோல அவை இல்லை. கொள்கை திரும்பி வருவது இறந்த பிறகுதான். உடம்பு படுக்கையோடு ஒரே கோடாகிறது. மேலே அதற்கு இணையாக நீலக் கீற்றுகள். உயிர் இருக்கும்வரை எந்த ஒழுங்குக்குள்ளும் அடைக்காமல் விட்டுவைத்திருந்தார் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆறு பேரில் மிச்சமான பிள்ளை சாவுக்கு முன்னால் செய்யக் கற்றிருந்தது ஒன்றே ஒன்று, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்ப்பது. முன்பு தன் மகன் ஹெக்டரைப் பெற்ற ஒகுஸ்தீன் 1909இல் இறந்தபோதும் இதையேதான் செய்தார்.

உங்கள் அம்மாவின் கட்டிலருகே யாராவது வரைந்திருந்தால் நீங்கள் கோபப்பட்டிருப்பீர்கள் என்கிறீர்கள். நியாயம். வாலன்டீனுக்குக் கோபம் வந்ததா என்று அந்தப் படங்களை வைத்து முடிவு கட்ட எனக்குத் துணிவில்லை. அதனால்தான் அவற்றைக் காதல் காவியமாக்குவதும் எனக்குப் பிடிப்பதில்லை.

"கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம்" என்ற இடத்தில் உங்கள் மகளோடு நான் கொஞ்சம் உடன்படுகிறேன். பென்சில் பிடித்த கை அந்த நேரத்தில் வேறொன்றைப் பிடித்திருக்க முடியாது. வாலன்டீன் இறந்தபோது போலெட்டுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அந்தக் குழந்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்தவர் ஹோட்லரின் மனைவி பெர்த். ஹோட்லர் 1918 மே மாதம் இறந்தார். கடைசி மாதங்களில் வெளியே போக முடியாமல், தன் வீட்டிலிருந்து தெரிந்த ஏரியையும் மோன் பிளாங் மலையையும் வரைந்துகொண்டிருந்தார். உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவைப் பேசுவோரின் உலகச் சங்கத்தை 1908இல் நிறுவிய ஹெக்டரும் 1920இல் இளவயதிலேயே போய்விட்டார். பெர்த் 1957 வரை இருந்தார். இந்தக் கதையில் அவருக்கு நாம் கொடுத்திருக்கும் இடம் மிகக் குறைவு.

பெர்னுக்குப் போக வாய்த்தால் 'இரவு' படத்தை மகளுக்குக் காட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதவேண்டும்.

அன்புடன்