ஆற்றங்கரையில் நட்ட கன்றுகள் வெள்ளத்தில் போனது பற்றி

வணக்கம் ஐயா. தாமிரபரணிக் கரையில் சீமைக்கருவேலத்தைப் பொக்லைன் கொண்டு வேரோடு பிடுங்கிவிட்டு நட்ட நீர்மருதுக் கன்றுகள், வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில் மண்ணோடு போய்விட்டதாக எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. உங்கள் மரத்தேர்வில் பிழையில்லை. கரையைப் பிடித்திருந்த வேர்கள் ஒரேயடியாக அகன்றதால் தளர்ந்துபோன மண்ணில், இன்னும் வேர் பரப்பாத கன்றுகளால் நீரோட்டத்தை எதிர்த்து நிற்க இயலவில்லை.

எஞ்சிய பகுதியில் இயந்திரத்தைத் தவிர்த்து, சீமைக்கருவேல மரங்களை ஒரேயடியாக இல்லாமல், கரையின் ஒவ்வொரு சிறு பகுதியாகத் தரையை ஒட்டி வெட்டுங்கள். அடிக்கட்டை மீண்டும் மீண்டும் தழைக்கும் என்பதால் துளிர்களை விடாமல் நீக்கிவர வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் கரை நிற்கும். சரிவில் தென்னைநார் விரிப்பை முளையடித்துப் பொருத்தி, நீர்விளிம்பில் நாணலையும் அதற்கு மேலே வெட்டிவேரையும் முதலில் நட்டு, அவை மண்ணைப் பற்றிய பிறகே வெள்ளமட்டத்தை ஒட்டி நீர்மருதையும் புங்கையையும் வையுங்கள். அந்த மட்டத்தைப் பழைய மரங்களில் படிந்த வண்டல் கோடு காட்டும்; ஊர்ப் பெரியவர்களையும் அவசியம் கேளுங்கள்.

வெள்ளம் வடிந்த தை மாதத்தில் நட்டால், அடுத்த ஐப்பசி மழைக்குள் வேரூன்ற ஒன்பது மாதங்கள் கிடைக்கும். கோடையில் நீரூற்ற ஆட்களையும், தொடங்குமுன் நீர்வளத்துறையின் எழுத்துமூல அனுமதியையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.