பறவை எச்சம் உரமென்றால், நம் கழிவுநீர் மட்டும் கேடா?

கேள்வி: வேடந்தாங்கல் ஏரியின் வரத்துக்கால் ஓரம் எங்கள் ஊர். 60 வீடுகள், ஏறக்குறைய 250 பேர். எல்லார் வீட்டிலும் செப்டிக் டேங்க் இருக்கிறது. வழிந்து வருவது கால்வாயில்தான் போகிறது. பறவை எச்சம் கலந்த தண்ணீரே வயலுக்கு உரம் என்கிறார்களே, இதனால் என்ன கெட்டுவிடும்? சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சொல்லி ஊராட்சியிடம் கேட்கலாமா?

பதில்: உங்கள் முதல் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கும் ஏரி அது. எச்சத்திலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் மதகு வழியே வயலுக்குப் போய்ப் பயிராகிவிடுகின்றன. ஆனால் அதனாலேயே ஏரி தாங்கக்கூடிய சத்தில் பெரும்பங்கைப் பறவைகளே நிரப்பிவிடுகின்றன. நம் கழிவு அதற்கு மேல் ஏறுகிறது, அதுவும் ஆண்டு முழுக்க. மாசி, பங்குனியில் நீர் சுருங்கும்போது பாசி பெருகி, இரவில் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சும். மீன் செத்து மிதக்கும். நீர்க்கடம்பு மரங்களில் குஞ்சுகள் இரைக்கு வாய் பிளந்து நிற்கும் காலம் அது. போதாததற்கு, நம் கழிவில் நம்மைத் தாக்கும் நோய்க்கிருமிகளும், துணி சோப்பின் ரசாயனங்களும் சேர்ந்து வருகின்றன.

செப்டிக் டேங்க் இதைத் தடுக்காது. கசடை அடியில் தங்க வைப்பதுதான் அதன் வேலை. கரைந்த சத்தும் கிருமியும் பெரும்பாலும் வழிந்தோடும் நீரோடு போய்விடும்.

பெரிய நிலையம் வேண்டாம் என்பது என் கருத்து. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் செலவு, அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகிறது என்று வைத்தால், உங்கள் ஊரின் கழிவுநீர் நாளொன்றுக்குச் சுமார் 11,000 லிட்டர்தான். இதற்கு மோட்டாரும் காற்றடிக்கும் கருவியும் வைத்தால் கரன்ட் பில்லையும் ஆபரேட்டரையும் ஊராட்சி எத்தனை நாள் தாங்கும்? நின்றுபோன நிலையத்திலிருந்து வருவது சுத்திகரிக்காத கழிவுதான்.

குளியல், துணி, பாத்திரம் கழுவிய நீரை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கொல்லையில் வாழை, கல்வாழைக்குப் பாயட்டும். இடமில்லாத நாலைந்து வீடுகளுக்குச் சேர்த்து ஓர் உறிஞ்சுகுழி போதும். தூய்மை பாரத இயக்கத்தின் 2ஆம் கட்ட வழிகாட்டுதலில், 5,000 பேர் வரையுள்ள ஊருக்கு இந்த வேலைக்குத் தலைக்கு 280 ரூபாய் வரை உண்டு. கிராம சபையில் தீர்மானம் போட்டு பி.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

கழிப்பறை நீரில்தான் கவனம் வேண்டும். சிமென்ட் உறை இறக்கி, நீரை மண்ணுக்குள் கசியவிடும் குழி மேட்டு நிலத்துக்கு நல்லது. உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஊற்று மேலேறிக் குழிக்குள் நிற்கும். குழியின் அடிமட்டத்துக்கும் ஊற்றுமட்டத்துக்கும் 2 மீட்டர் இடைவெளி இல்லாத இடத்தில் அது வேண்டாம். கசியாத செப்டிக் டேங்க், அதிலிருந்து குழாய், கடைசியில் ஜல்லி நிரப்பி நாணலும் கல்வாழையும் நட்ட பாத்தி: இது போதும். ஆளுக்கு 1 சதுர மீட்டர் என்று கணக்கிட்டால் ஆறேகால் சென்ட் புறம்போக்கு தேவைப்படும். மின்சாரம் வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஜல்லிப் பாத்தி அழுக்கைக் குறைக்குமே தவிர, மணிச்சத்தை அதிகம் பிடிக்காது. அதனால் அதிலிருந்து வரும் நீர் தெளிவாக இருந்தாலும் கால்வாயில் விடாதீர்கள். தீவனப்புல்லுக்கும் தென்னைக்கும் பாய்ச்சுங்கள். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் வேண்டாம். மழை நாளில் நிலம் குடிக்காது என்பதால், சில நாள் நீரைத் தேக்கிவைக்க ஒரு தொட்டி சேர்த்துத் திட்டமிடுங்கள்.

இரண்டு, மூன்று ஆண்டுக்கொரு முறை டேங்கைக் கசடுறிஞ்சும் லாரி வைத்துக் காலி செய்ய வேண்டும். ஆள் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிரும் போகும். லாரி கசடை எங்கே கொட்டுகிறது என்பதையும் கேளுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே கருங்குழியில் 2017 முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. உங்கள் ஊர்க் கசடையும் எடுத்துக்கொள்ள ஊராட்சி வழியாக எழுதிக் கேளுங்கள்.

ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலய எல்லை. எனவே தோண்டும் முன் வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பறவைகள் கிளம்பி, ஊற்றும் இறங்கியிருக்கும் வைகாசி, ஆனியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.